பிறந்தநாள் படமும் வெள்ளை வேட்டியும்

எனக்கு அறுபது வயதான அன்று, கொழும்பில் இருக்கும் மகள் இணையத்தில் ஒரு வாழ்த்துப் படம் செய்து சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டாள். கறுப்பு வெள்ளையில் என் முகம், சுற்றிவர வெள்ளைப் பூ, பக்கத்தில் எரியும் குத்துவிளக்கு, கீழே என் பெயரும் பிறந்த திகதியும். பிறந்தநாள் வாழ்த்து என்ற வரியை வெள்ளை எழுத்தில் அந்தப் பூவின் மேலேயே வைத்திருந்தாள். கணினியில் தெரிந்த எழுத்து கைபேசியில் மறைந்துவிட்டது.

எங்கள் ஊரில் அப்படியொரு படம் என்றால் மரண அறிவித்தல்தான்; யாரும் நின்று வாசிப்பதில்லை. கனடாவிலிருந்து அழுதபடி அழைத்த மச்சாள், என் குரலைக் கேட்டு, “ஆர் கதைக்கிறது?” என்று பயந்துபோனாள்.

சுன்னாகத்தில் இருக்கும் என் அண்ணன், பங்குக் கிணற்றுத் தகராறில் என்னோடு பேச்சை விட்டுப் பல வருடம். மகளின் கலியாணத்துக்கும் வரவில்லை. அன்று வெள்ளை வேட்டியோடு வாசல் படலையில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

“உயிரோடை இருக்கிறியோ?” என்றார்.

“ஓம் அண்ணை. அது பிள்ளை பிறந்தநாளுக்குச் செய்த படம். உள்ளுக்கு வாங்கோ.”

“செத்தவீடு எண்டுதான் வந்தனான்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது மகள் செய்யும் எந்தப் படத்தையும் கைபேசியில் எட்டப் பிடித்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே குழுவில் போடவிடுகிறேன். அண்ணனை மட்டும் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஒருநாள் அவர் வருவார். அன்று “வாங்கோ” என்று சொல்ல நான் இருக்கமாட்டேன்.