அம்மாவின் சிவப்பு அட்டையும் என் கட்டுரையும்

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் நான் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பள்ளியில் முதல் பரிசு கிடைத்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தையும் நம் மலேசிய நாட்டு அரசியலமைப்பையும் ஒப்பிட்டு மலாயில் எழுதியது. தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் உலகம் சொல்வதையும் வலப்பக்கம் நாம் சொல்வதையும் எழுதியிருந்தேன். பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போயின. குடியுரிமையில் இடித்தது. உலகம், எல்லோருக்கும் ஒரு நாடு உண்டு என்றது. நாம், உரிய காகிதம் இருந்தால் உண்டு என்றோம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர் பென்சிலால் ‘கவனம்’ என்று எழுதியிருந்தார். அது எழுபதுகள். குடியுரிமை பற்றி வாயைத் திறந்தால் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும் என்று எல்லோரும் நம்பிய காலம்.

அந்த வரியை நான் என் அம்மாவைப் பார்த்துத்தான் எழுதினேன். அம்மா சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலையில் இருந்தார். பிறந்ததும் அதே தோட்டம்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. துரை வீட்டுப் பசு கன்று ஈன்றால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தேதி போட்டு எழுதிவைப்பாராம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிள்ளை பிறந்தால் “பாக்கலாம்” என்பாராம். அதனால் அம்மாவுக்குக் கிடைத்தது, குடிமக்கள் அல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. வேலை செய்யவே பெர்மிட் வேண்டும். பெர்மிட் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்துவிட்டால் இந்தப் பயமே இல்லை.

விண்ணப்பிக்க ஈப்போவுக்கு பஸ் ஏறினோம். முத்திரையை எங்கள் தோட்டத்தில் ‘சாப்பு’ என்பார்கள். சாப்பு குத்திய காகிதம் எதுவானாலும் ஒருநாள் உதவும் என்பது அங்கே வேதவாக்கு. அம்மா அப்படிப்பட்டவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்திருந்தார். அலுவலக மேசையில் அதைக் கவிழ்த்தார். அம்மை குத்திய சீட்டு, கோயிலில் கொடுத்த கல்யாணச் சீட்டு, செத்துப்போன நாயின் லைசென்ஸ். நடுவில், பள்ளிச் சாப்போடு என் கட்டுரை.

“இத ஏம்மா எடுத்தாந்த?” என்று காதோரம் கேட்டேன்.

“சாப்பு இருக்குலா. மொத பரிசு வேற.”

மலாய்க்கார அதிகாரி மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் படித்தார். வரி விடாமல் படித்தார். சிறையில் பரீட்சை எழுத விடுவார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யார் எழுதியது என்று மலாயில் கேட்டார். அம்மா தன் சந்தை மலாயில் “என் மகள்தான்” என்று சொல்லி, யாருக்கும் சந்தேகம் வராதபடி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். காட்டிக்கொடுக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

“நன்றாக எழுதியிருக்கிறாள். ஆனால் எனக்கு வேண்டியது பிறப்புப் பத்திரம், மக்சிக்” என்று அம்மாவை அத்தை முறை வைத்து மலாயில் சொன்னார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “ரெண்டு பக்கமும் என்னா சொல்லுது?”

சீக்கிரம் தப்பித்தால் போதும் என்று மளமளவென்று சொல்லிமுடித்தேன். ஜவுளிக் கடையில் சேலை பார்ப்பதுபோல அம்மா இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு இடப்பக்கத்தில் விரலை வைத்து, மலாயிலேயே அதிகாரியிடம் சொன்னார்: “இது நன்றாக இருக்கிறது. எனக்கு இதையே கொடுங்கள்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “அது எங்களிடம் இல்லை, மக்சிக்” என்றார். நல்ல மனிதர். காகிதங்களைத் தானே டின்னில் அடுக்கிக் கொடுத்து, அம்மா பிறந்ததைப் பார்த்த யாரையாவது அழைத்து வரச் சொன்னார். பார்த்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் செத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. உலகச் சட்டமெல்லாம் ஒப்பிட்டுப் பரிசு வாங்கியவளுக்கு அம்மாவுக்கு ஓர் அட்டை வாங்கித்தரத் துப்பில்லை. பஸ் கோப்பெங்கைத் தாண்டியதும் அம்மா கேட்டார்:

“அந்த எடது பக்கம் எழுதுனவங்க ஆபீசு எங்க இருக்கு?”

“அமெரிக்காவுலம்மா.”

அம்மா சிரிக்கவில்லை.

“நாயித்துக்கெழம தொறப்பாங்களா? மத்த நாளு மரம் வெட்டணும்லா.”