பாவு காயுமுன்னே

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று தறி ஓட்டுவது; இன்னொன்று பக்கத்துத் தறிக்காரரைச் சிரிக்க வைப்பது. இரண்டாவதில்தான் எனக்குக் கொஞ்சம் பெயர்.

ஒருநாள் காலை, ஊடுநூலைச் சுமந்து ஓடும் மரநாடா தறியைவிட்டுத் தெறித்து என் நெற்றிப்பொட்டில் அடித்தது. இதெல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மூளையிடம் கேட்டால் கையை விரிக்கும். விழுந்து எழுந்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்றேனாம். வெள்ளி என்றார் பக்கத்துத் தறிக்காரர். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி. சிரித்தார். மறுபடியும் அதே கேள்வி, அதே முகம். கூடமே சிரித்தது. என் ஜோக்குகளிலேயே அதிகம் எடுபட்டது அதுதான். எனக்குத்தான் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

கைகள் அவை பாட்டுக்கு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தனவாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மதியம் தாண்டி என் மனைவி வந்தாள். காலையில் மூன்று வயது மகளைக் கோவிலுக்குக் கூட்டிப்போனவன் நான். வேலைக்குப் போகிற வழியில் என் அக்கா வீட்டில் விட்டிருப்பேன் என்று நினைத்திருந்தாள். அங்கே பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்க?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"விளையாடாதிய. பிள்ளை எங்க?"

நான் கிழமையைத்தான் கேட்டேன். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பகலில் அந்தக் கூடம் அப்படி அடங்கி யாரும் பார்த்ததில்லையாம்.

முடிச்சுப் போடும் என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கோவில் வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்தி, "எப்பவும் வேலைக்குப் போற மாதிரி நடங்க" என்றாள். கால்கள் நடந்தன. நான் தினமும் காற்றடிக்கும் சைக்கிள் கடை முன்னால் நின்றன. உள்ளே பழைய டியூப் குவியல்மேல் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நேரமாயிட்டு, சாப்பாட்டுக்குப் போறப்ப கூட்டிட்டுப் போறேன்னு நீருதான வே விட்டுட்டுப் போனீரு" என்றார் கடைக்காரர்.

நடந்தது மூளையில் பதிந்து இறுக நேரம் வேண்டும், அதற்குள் அடி விழுந்துவிட்டது என்றார் டாக்டர். எங்கள் பாஷையில், கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிய பாவுநூல் காயுமுன்னே மழை. கைவேலையும் கால்வழியும் வேறு சரக்குக் கிட்டங்கியில் கிடந்ததால் நனையவில்லை.

அந்தக் காலைப்பொழுது என் நினைவுக்குத் திரும்பவே இல்லை.

போன வாரம், தலை நரைக்கத் தொடங்கிவிட்ட அதே மகளிடம் சமையலறையில் ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தாள். கொஞ்சம் கழித்து இன்னொன்று சொன்னேன்; இன்னொன்று என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை. மிக்சியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இந்தத் தடவை எந்த நாடாவும் என்மேல் படவில்லை.

"அப்பா," என்றாள் மெதுவாக, "இன்னைக்கு என்ன கிழமை?"