அக்கா கலைத்த வரிசை

பரளச்சியில் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பீட்ரூட் போடும் யோசனையைக் கொடுத்தது நான்தான். அதன் மூதாதை கடலோரத்துக் காட்டுச்செடி. அதற்குக் கிழங்கு பருக்காது, இலைதான்; ஆனால் உப்பைத் தாங்கும். அந்தக் குணம் பீட்ரூட்டுக்கும் உண்டு, உங்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம் என்றேன். மச்சான் அரை ஏக்கரில் விதைத்தார். இது தேறினால் ஊரில் இருப்பது, தேறாவிட்டால் திருப்பூரில் இருக்கும் மகனிடம் போய்விடுவது என்று பேச்சு. அக்காவுக்குப் போக விருப்பமில்லை.

விதைத்த வாரம் மழை பெய்தது. எல்லாம் முளைத்தன. பீட்ரூட் விதை ஒற்றை விதையல்ல. சில விதைகள் ஒட்டிய முண்டு. காட்டில் ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைக்கட்டும் என்று அந்தச் செடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வயலில் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நெருக்கத்தில் கிழங்கு பருக்காது. அதையும் சொன்னேன்.

"முளைச்சதப் புடுங்கவா? போட்ட வெதை மண்ணுக்குள்ளயே கருகுறதப் பாத்துப் பாத்து வந்தவன் நான், மாப்ள. எவளாச்சும் செடியில கைய வச்சா முறிச்சுப்புடுவேன்."

அங்கே இருந்த ஒரே பெண் அக்கா.

தை மாதம் தோண்டும்போது நானும் போயிருந்தேன். இலை செழிப்பு, கிழங்கு எலிவால் பருமன்தான். மேற்கு வரப்போரம் ஒரு வரிசை மட்டும் கைமுட்டி அளவுக்கு வந்திருந்தது.

மச்சான் அக்காவைக் கூப்பிட்டார். "இதுல கைய வச்சியா?"

"நீங்க டவுனுக்குப் போன அன்னிக்குக் கலைச்சு விட்டேன்."

"தெரிஞ்சிருந்தும் ஒரு வரிசையோட நிப்பாட்டியிருக்க."

"எல்லாத்தையும் புடுங்கியிருந்தா என்னைய நடமாட விட்ருப்பீகளா?"

அவர் அடிக்கவில்லை. அந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஆடுகளுக்கு முன்னால் எறிந்தார். கடைசிக் கிழங்கு வரை நிதானமாகச் செய்தார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டு மகனிடம் பேசினார்.

"உங்கம்மா செடியப் புடுங்கிப் போட்டுட்டாடா. வெள்ளாமை போச்சு. வாரோம்."

"ஏம்மா, உனக்குக் கிறுக்கா?" என்று போனுக்குள் மகன் கத்தினான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.