பூஜையில் வைத்த அகராதி

எங்கள் வீட்டு ஆங்கில அகராதியின் தோல் அட்டையில் சந்தனப் பொட்டின் கறை இன்னும் இருக்கிறது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. எதில் பட்டு நசுங்கியது என்பது இப்போது எனக்கும் என் மன்னிக்கும்தான் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அண்ணா அதை எடுத்து வந்தான். இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும், அவ்வளவு கனம்.

அப்போது மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் இருந்தோம். அம்மா, அண்ணா, அவன் மனைவியான மன்னி, நான். அண்ணா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பரீட்சை எழுதி ஒருமுறை தோற்றிருந்தான். உனக்கு ஒரு வார்த்தைக்கு ஓர் அர்த்தத்துக்கு மேல் தெரியாதா என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சிரித்தாராம். அன்று பிடித்தது அகராதிப் பேய். பெரிய பெரிய வார்த்தைகளையெல்லாம் ஊதித் தள்ளிவிடுவான். 'ஸெட்' என்ற மூன்றெழுத்து வார்த்தைதான் அவன் உயிரை வாங்கியது. பக்கம் பக்கமாக, எண் போட்டு, அதற்கு அர்த்தங்கள். சூரியன் அஸ்தமிப்பது, தயிர் உறைவது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது எல்லாம் அந்த ஒன்றுக்குள். "ஒரு வார்த்தைக்கு எதுக்குடீ இத்தனை உத்தியோகம்!" என்பாள் மன்னி, என்னிடம் மட்டும்.

மன்னிக்கு இங்கிலீஷ் தெரியாது, எண்கள் தெரியும். அதுவே வினையாயிற்று. சாயங்காலம் அவள் அகராதியை மடியில் விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். அண்ணா கூடத்தில் நடந்தபடி எண்ணையும் அர்த்தத்தையும் ஒப்பிப்பான். எந்த எண் விட்டுப்போனது என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால், ஞாபகத்தைக் கலைத்தாய் என்று அறை. சொல்லாவிட்டால், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அறை. கோபம் முற்றினால் அகராதியையே பிடுங்கி வீசுவான். அவன் வலக்கைக்காரன், அடியெல்லாம் அவளுக்கு இடது பக்கம்தான். அடி வாங்கியவள் என்ன செய்வாள் தெரியுமா? கீழே விழுந்த அகராதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புத்தகம் சரஸ்வதியாயிற்றே! எனக்கு வயிறு எரியும். "சாரமில்லைடீ" என்பாள். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்திலிருந்து எங்கள் தெருவில் வந்து ஒட்டிக்கொண்ட பேச்சு அது.

"படிக்கற ஆம்பளைக்குக் கோபம் வரத்தான் செய்யும்" என்று அம்மா பாட்டுக்குத் திரி திரித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை நான் குறுக்கே பாய்ந்து அண்ணாவின் கையைக் கடித்தேன். அவன் விட்ட அறையில் என் உதடு கிழிந்தது. அம்மா என்னைத்தான் வைதாள்.

அந்தப் புரட்டாசியில் மன்னியின் இடது காதிலிருந்து சீழும் ரத்தமுமாக வந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அடி பட்டா இந்தக் காது போயிடும், கேட்டேளா?" என்று அண்ணாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அவன் தலையாட்டினான். கோயிலில் நாகஸ்வரம் தொடங்கினால் அடுப்பை அப்படியே விட்டு வாசலுக்கு ஓடுகிறவள் மன்னி. அந்தக் காது போய்விட்டால் என்ன செய்வாள் என்று நான் பயந்து செத்தேன்.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. படிக்கவும் கூடாது. மன்னி அகராதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துச் சந்தனம் இட்டாள். பட்டுத்துணியைப் போர்த்தினாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விஜயதசமிக்கு மறுநாள் பரீட்சை. நவமி மத்தியானம் அண்ணாவுக்கு ஓர் அர்த்தம் மறந்துபோயிற்று. "எடுடீ அதை!" என்றான்.

"பூஜையில இருக்கு. நாளைக்குக் கார்த்தால எடுத்துத் தரேனே" என்றாள் மன்னி.

பட்டை உருவி எறிந்தான். அகராதியைத் தூக்கி ஓங்கினான். மன்னி இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பொத்திய கையோடு சேர்த்து அடித்தான். அவள் தலை தூணில் மோதியது. அகராதி அவன் கையிலிருந்து தெறித்து, அதே தூணில் மூலை நசுங்கி விழுந்தது. மன்னியின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்து கழுத்தையும் புடவையையும் நனைத்தது.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். பூஜை மணியை எடுத்து அண்ணாவின் நெற்றியில் ஓங்கி அடித்தாள். அவன் முட்டி மடங்கி விழுந்தான். விடவில்லை. மண்டையில், தோளில், தடுத்த கையில் என்று கண்மண் தெரியாமல் அடித்தாள். மணி ஒவ்வோர் அடிக்கும் கிணுகிணுத்தது. இன்னும் போடு, இன்னும் போடு என்று என் மனசு கத்தியது. மன்னிக்காக ஒருவழியாக அம்மா எழுந்துவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாவி! பூஜையில வெச்ச புஸ்தகத்தைத் தொடுவியா? தொடுவியா?" என்றாள் அம்மா.

மணியைப் போட்டாள். அகராதியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விசும்பியபடியே பழைய இடத்தில் வைத்தாள். மன்னி தூணடியில்தான் கிடந்தாள்.

அண்ணா நெற்றியில் கட்டோடு பரீட்சை எழுதினான், தேறியும் விட்டான். 'ஸெட்' வரவே இல்லையாம். மன்னியின் காது போனது போனதுதான்.

இன்று அம்மாவும் இல்லை, அண்ணாவும் இல்லை. மன்னியோடு பேச வேண்டுமென்றால் அவள் வலப்பக்கம் உட்காருகிறேன். போன நவராத்திரிக்கு அலமாரியைத் துடைக்கும்போது அகராதி கை நழுவி என் காலில் விழுந்தது. வலியில் கண் இருண்டது. ஆனாலும் பழக்கதோஷம், கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தேன். மன்னி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அகராதி சந்தனக் கறை தெரியத் தரையில் கிடந்தது.

"அது கெடக்கட்டும். ஒன் காலைக் காட்டு. எங்கே வலிக்கறது?" என்றாள்.