நான் எழுதிய வாடகை ஒப்பந்தம்

பிறர் நிரப்பிய படிவங்களில் பிழை கண்டுபிடித்தே அரசுச் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். அதனால் குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் என் தங்கையின் வீட்டைப் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஓராண்டுக்கு வாடகைக்குக் கேட்டபோது, ஒப்பந்தத்தை வேறு யார் எழுதுவது என்ற பேச்சே எழவில்லை. ஹேவ்லாக் தீவுக்குப் போகிற வழியில் ஓரிரு நாள் தங்கும் சுற்றுலாக்காரர்களுக்கு அவர் அறைகளை விடுவார். அவர் தொழில் அவருக்கு, வாடகை தங்கைக்கு.

தங்கை பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஆனால் இங்கே நாங்கள் யாரையும் அப்படிக் கணக்கெடுப்பதில்லை. வைத்தியத்துக்குச் சென்னை போனவரும் சரி, அவளும் சரி, 'வெளியே போயிருக்கிறார்கள்', அவ்வளவுதான். தீவில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் தீவுவாசிகளுக்கான ஐலண்டர் கார்டின் நகலைப் பின்னால் சேர்ப்பது எங்கள் கை செய்யும் வேலை, மூளை செய்வதில்லை. தங்கையின் கார்டு நகலையும் சேர்த்தேன். கடிதம் தவறிவிடக் கூடாதென்று முகவரிக்கு மரைன் ஹில்லில் உள்ள என் வீட்டையே எழுதினேன்.

ஓராண்டு கழித்துப் பாய் வந்தார். தேநீரைத் தொடவில்லை.

"சார், கடைக்கு லோன் போடலாம்னு ஆடிட்டர்கிட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட் குடுத்தேன். வாடகை போற அக்கவுண்டப் பாத்துட்டு, ஓனர் ஃபாரின்ல இருக்காங்களான்னு கேட்டார். ஹான்னு சொன்னேன். தலையில கை வெச்சிட்டார்."

எனக்கு உடனே விளங்கியது. விதி எனக்குத் தெரியும். அதுதான் கேவலம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசித்தால், ஒவ்வொரு மாத வாடகையிலும் முப்பது சதவீதத்துக்கு மேல் வரி பிடித்து வாடகைதாரர்தான் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் அவர் கையிலிருந்து போகும், வட்டியோடு. ஏறக்குறைய நான்கு மாத வாடகை. கடைக்கு வைத்திருந்த பணம்.

"நீங்கதானே சார் எழுதினீங்க, நான் ஒரு வார்த்த படிக்கல. உங்க மேல அவ்ளோ பரோசா."

அன்றே தங்கையை அழைத்தேன்.

"நான் ஐலண்டர்தானே அண்ணே? கப்பல்ல எனக்குச் சலுகை டிக்கெட் தர்றாங்களே."

"வரிக்குக் கார்டு பார்க்க மாட்டாங்கம்மா. வருஷத்துல நீ எத்தனை நாள் இந்தியாவுல இருந்தேன்னு எண்ணுவாங்க."

"பத்து நாள். அதுல மூணு நாள் மழை."

வழி ஒன்று இருந்தது. அவள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, தன் வரியைக் கட்டி, ஆடிட்டர் சான்றும் வாங்கினால், பாய்க்கு வட்டி மட்டும்தான் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், பராமரிப்புக் கழிவெல்லாம் போக அவள் கட்ட வேண்டிய உண்மையான வரி சொற்பம். முதலில் பெரிதாகப் பிடித்து, பிறகு கேட்பவருக்குத் திருப்பித் தருவது சட்டத்தின் பழக்கம். அதைப் பதினைந்து நிமிடம் விளக்கினேன்.

"எல்லாம் சரிண்ணே. அக்ரிமெண்ட்டு யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்போ நான் வரி கட்டுறேன். வட்டியும் ஆடிட்டர் ஃபீஸும் நீங்க பாத்துக்கோங்க."

என் தங்கைக்குச் சட்டம் தெரியாது, நியாயம் தெரியும்.

சான்று வந்த அன்று பாயின் கடைக்குப் போய், வட்டியை நானே தருவதாகச் சொன்னேன். மறுப்பார், சற்று வற்புறுத்தலாம் என்று எண்ணியிருந்தேன். அவர் மறுக்கவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு மேசைக்குள்ளிருந்து புதிய ஒப்பந்தத்தை எடுத்தார்.

"வீட்ட விடல சார், கெஸ்ட் நல்லா வர்றாங்க. இந்தத் தடவ ஆடிட்டரே எழுதிட்டார். டென்ஷன் மத் லோ, கவலய விடுங்க. நீங்க சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

முழுவதும் படித்தேன். ஆடிட்டர் வயதில் சிறியவர், ஆனால் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி மட்டும் தேவையில்லாமல் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.