ஏலகிரியில் எடுத்த படம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆம்பூரில் தோல் மூட்டை சுமந்தேன். பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கி, கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்தேன். இன்று அதே ஊரில் என் பெயர் போட்ட ஷெட் நிற்கிறது. சத்துவாச்சாரியில் மாடி வீடு கட்டினேன். மனைவி போன பிறகும் தளராமல் ஒரே மகனை லண்டனில் படிக்க வைத்தேன். இதையெல்லாம் ஊரே சொல்லும். என் மருமகளை அவள் புருஷனிடம் சேர்த்து வைத்ததும் நான்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவள் காவேரிப்பாக்கத்துப் பெண். கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே மகன் லீவு முடிந்து லண்டனுக்குப் போய்விட்டான். மனைவிக்கான விசா வரும்வரை அவள் என்னோடு இருந்தாள். செத்துக்கிடந்த வீட்டில் மறுபடி தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் காலையில் அவசரமாகக் கிளம்பினால், "சாப்ட்டுப் போங்க மாமா, ஷெட்டு எங்கியும் ஓடிப் போவாது" என்று வாசலை மறிப்பாள். முதல் தடவை விசா மறுத்துவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாக வாழ்வதற்கு ஆதாரம் போதவில்லையாம். அன்று அவள் கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வேலூரில் விசா வேலை பார்த்துக் கொடுப்பவர் எங்கள் படங்களை மேசையில் பரப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னா சார் இது? எல்லாத்துலயும் நடுவுல நீங்க. புள்ள ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் சண்டைன்னுதான விசா ஆபீசரு நெனப்பான்?"

எங்கள் பக்கம் அப்படித்தான். பெரியவர் முன்னால் ஜோடி தோள் உரசி நிற்காது. அவரை நடுவில் இழுத்து நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒதுங்கிக்கொள்வார்கள். மரியாதை என்று நானும் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கடல் தாண்டி இருக்கிற ஆபீசருக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த லீவில் மகன் வந்ததும், படம் எடுக்கவென்றே ஏலகிரிக்குக் கார் வைத்தேன். நானும் கூடவே போனேன். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. ஏரிக்கரையில் மகன் தோளில் கை போட்டு நான் ஓரமாக நின்றேன். திடீரென்று காற்று தூக்கியடித்தது. புடவையைப் பிடித்தபடி அவள் புருஷன் கையைப் பற்றிச் சாய்ந்து சிரித்தாள். நான் இருப்பதையே மறந்துவிட்ட சிரிப்பு. அந்த நேரம் பார்த்து டிரைவர் எடுத்துவிட்டார்.

மற்ற படங்களில் எல்லாம் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டூடியோவில் நானேதான் சொன்னேன், "என்னை வெட்டிடுப்பா."

"உங்க கை அவரு தோள்ல கீதே சார். கைய எடுத்தா தோளும் போய்டும்."

"கை கெடந்தா கெடக்கட்டும். ஆளை எடு."

"வேணாம் மாமா..." என்றாள் மருமகள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த முறை விசா வந்தது. ஏர்போர்ட்டில் காலில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "போம்மா, ஃப்ளைட்டு உனக்காக நிக்காது" என்று அதட்டித்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடச் சொல்ல ஆளில்லை. இப்போதெல்லாம் மிஷின் சத்தம் ஓய்கிறவரை ஷெட்டை விட்டு நகர்வதில்லை.

போன மாதம் வீடியோவில் பேசினார்கள். அங்கேயே பிறந்த பேரனுக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அவன் திரும்பி அதில் விரலை வைத்து இங்கிலீஷில் கேட்டான். எனக்கே புரிந்தது. இது யார் கை? வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன், "யாரோ பக்கத்துல நின்னாங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான். மருமகள் அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்காது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மகனிடமும் மருமகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் காசு பணம் எனக்கு வேண்டாம். அந்தத் தோளில் இருப்பது என் கை. அதைப் பேரனிடம் சொல்லுங்கள். நான் போன பிறகு வேண்டாம். நான் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள்.