எட்டாம் பக்கத்தைத் திருத்தியவர்

நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை என்னுடையது. ஒவ்வோர் எழுத்தாக ஊன்றி ஊன்றித்தான் நடக்கும். நான் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் அவருடைய கண்ணாடி சுத்தமாகும். ஒரு நாள்கூட என் கை தடுமாறுவதை அவர் பார்த்ததில்லை. இதைக் கண்டுகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

எங்கள் பெயிண்ட் கம்பெனியின் மாடியில் பங்குப் பிரிவு என்று ஓர் அறை. கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கும் கடிதங்கள் அங்கிருந்துதான் கிளம்பும். அவர் அங்கே குமாஸ்தா. நான் கடிதங்களை மடித்து, உறையிலிட்டு ஒட்டுகிறவள். அடியில் பொடியாக அச்சடித்திருப்பதையெல்லாம் விடாமல் படிக்கிறார் என்று மற்றவர்கள் அவருக்குப் 'பொடியெழுத்து' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "பொடியெழுத்து, உன் சாப்பாட்டு டப்பாவுல என்ன எழுதியிருக்கு பாரு!" என்று கிண்டல் செய்வார்கள். அவர் நிதானமாக டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "அடுப்புல வைக்கக் கூடாதாம்," என்பார்.

பிற்பகலில் மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து வரும். காகிதத் தூசி அதில் மிதந்து மிதந்து இறங்கும். அந்த நேரம் அவர் ஏதாவது ஓர் உறையை எடுத்து, விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "இந்தம்மாவுக்குப் பன்னெண்டு பங்குதான். மாடி வீடு. தபால் எடுக்கப் படி இறங்கி வருது. மூட்டு வலி, மெதுவாத்தான் வரும்." அந்த அம்மாளை அவர் கண்டதே கிடையாது. ஆனாலும் நானும் மடிப்பதை நிறுத்திவிட்டு, அந்த அம்மாள் கடைசிப் படிக்கு வரும்வரை காத்திருப்பேன். 'பத்திரமாகப் போய்ச் சேர வை, ஆண்டவனே' என்று மனசுக்குள் சொல்லித்தான் ஒவ்வோர் உறையையும் ஒட்டுவேன்.

எந்தக் கடிதமானாலும் கிளம்பும் முன்பு எனக்கு வாசித்துக் காட்டுவார். "உங்களுக்குப் புரியலன்னா இது கடிதமே இல்லம்மா, வெறும் காகிதம்." நான் விழித்தால் அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு விழும். மேலே போய் வாதாடி, வரியை மாற்றி வாங்கிக்கொண்டுதான் இறங்குவார்.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியை வாங்க வந்தது. அவரவர் பங்கை விற்கச் சொல்லி எல்லாருக்கும் ஒரு விலை சொன்னது. அப்படி யாராவது கேட்டால், எங்கள் நிர்வாகம் பங்குக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். விற்கலாமா, கூடாதா, ஏன், அப்படிச் சொல்கிறவர்களுக்குச் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா என்றெல்லாம். சட்டமே அப்படி. எங்கள் நிர்வாகம் விற்கலாம் என்று பதினாறு பக்கத்துக்கு எழுதியது. என் வீட்டுக்காரர் இங்கே உழைத்துவிட்டு, போகும்போது விட்டுப்போன அறுபது பங்கு என்னிடமும் இருந்தது. அது ஒன்றுதான் எனக்குப் பிடிமானம்.

"நான் என்ன செய்யட்டும் ஐயா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா. தெரிய வேண்டியது உங்க கைக்கு வந்து சேரணும். அதுக்கப்புறம் உங்க மனசு."

கடிதம் கிளம்பவேண்டிய அன்றைக்குப் பார்த்து அவசரம். சாயங்காலத் தபாலைப் பிடிக்க வேண்டும் என்று மேலேயிருந்து மூன்று தடவை ஆள் வந்தது. முதல் தடவையாக, எனக்கு வாசிக்காமலே கடிதம் போய்விட்டது. என் வீட்டுக்கு வந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நிர்வாகிகள் எவருக்கும் இதில் தனி ஆதாயம் இல்லை' என்று எட்டாம் பக்கத்தில் இருந்தது. ஆதாயம் இல்லாதவர்களே சொல்கிறார்களே என்று, விற்பதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மனசு கேக்கலம்மா. போனது போகட்டும், உக்காருங்க, வாசிச்சிடறேன்."

எட்டாம் பக்கத்தில் குரல் நின்றது. எழுந்து போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். வாங்கும் கம்பெனி எங்கள் பெரிய மேனேஜருக்கு ஐந்து வருஷப் பதவி தருவதாக எழுதிய கடிதம் அதில் இருந்தது. எங்கள் குமாஸ்தா ஐயாவே துளை போட்டுக் கோத்து வைத்த கடிதம். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் வாங்க வந்தபோது அனுப்பிய எட்டாம் பக்கத்தை, அவசரத்தில் அப்படியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்.

"நான் அதப் படிச்சுட்டுத்தானே ஐயா படிவத்த அனுப்பினேன்," என்றேன்.

"நாலாயிரம் வீட்டுக்குள்ள போய்ப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்மா."

ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே மேலே போனேன். பெரிய மேனேஜர் சிரித்தார். "யாருய்யா அந்தப் பக்கத்தப் படிக்கிறாங்க? நீயும் உன் கண்ணாடியும்தான்."

"இந்தம்மா படிச்சிருக்காங்க சார். படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"விடுய்யா. இன்னும் பத்து நாள்ல எல்லாம் முடிஞ்சிடும்."

"அந்தப் பத்து நாளுக்குள்ளதான் சார் சொல்லணும். அனுப்பின படிவத்த வேணாம்னு திருப்பி வாங்க அவங்களுக்கு அதுவரைக்கும் உரிமை இருக்கு. திருத்தி ஒரு கடிதம் எழுதித் தரேன். அதுல நீங்க கையெழுத்துப் போடலன்னா, கம்பெனிகளக் கண்காணிக்கிற ஆபீசுக்கு நானே எழுதியாகணும்."

குரல் உயரவே இல்லை. யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் ஒற்றைத் தாள் ஒன்று கிளம்பியது. எட்டாம் பக்கத்தில் சொன்னது தவறு, பெரிய மேனேஜருக்குப் பதவி பேசியிருக்கிறது என்பது முதல் வரி. தவறுக்குக் காரணம் பங்குப் பிரிவுக் குமாஸ்தாவின் கவனக்குறைவு என்பது மேனேஜர் சேர்க்கச் சொன்ன கடைசி வரி. அதையும் அவரேதான் தட்டச்சு செய்தார்.

"இத எதுக்கு ஐயா?" என்று தாங்கமாட்டாமல் கேட்டேன்.

"நெசம்தானேம்மா. நெசத்துல எனக்கு மட்டும் தள்ளுபடியா?"

தாளை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். பிறகு இருவரும் மடிக்க உட்கார்ந்தோம். வெயில் மேசையைக் கடந்து, சுவரேறி, மறைந்தது. எத்தனை வாசல்கள், எத்தனை படிகள் அன்று எங்கள் கை வழியே போயின என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

மாசக் கடைசியில் அவருக்கு வேலை இல்லை என்றார்கள். டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பத்து நாளில் கடைசி நாளன்று கடவுளை வேண்டிக்கொண்டு நான் எடுத்த முடிவை அவரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தது.

"ஐயா, அந்த அறுபது பங்க நான் கடைசியில..."

குடையைத் தூக்கித் தடுத்தார். "எங்கிட்ட சொல்லாதீங்கம்மா. நாங்கதான் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவங்க. நீங்க எங்களுக்குச் சொல்லணும்னு எந்தச் சட்டத்திலயும் இல்ல."